மேடைக்கு முன்னால் இருந்த தொட்டி

கீரனூர்,
14.9.2025

அன்புள்ள தம்பி திருப்பதிக்கு,

கல்யாண மண்டபத்து மேனேஜர் அருள்ராணி எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றினால் அதில் தப்பில்லை. கூட வைத்திருக்கும் இன்னொரு தாளை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

இடது கை எப்படி இருக்கிறது? விரல்களை மடக்க முடிகிறதா? மதுரையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருப்பதாக எங்கள் எலெக்ட்ரீசியன் ராக்கன் சொன்னார்.

அந்தக் கல்யாணத்தைப் படம் பிடிக்க முதல் நாள் நீங்கள் வந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரோபோ கேமராவை வேனிலிருந்து இறக்கும் முன்பே, மேடைக்கு முன்னால் தரை முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்தீர்கள். ஓரிடத்தில் சத்தம் வேறு மாதிரி வந்தது. “இது நானூறு கிலோக்கா. கேமராக் கை வீசித் திரும்புறப்ப தரை அசையவே கூடாது. கீழ தொட்டி, குழி ஏதும் இருக்கா?” என்று கேட்டீர்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. பழைய தரை, அப்படித்தான் கேக்கும்” என்றேன்.

எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்த தண்ணீர்த் தொட்டியைத் தூர்க்காமல், கடப்பா கல்லால் மூடி டைல்ஸ் ஒட்டியபோது நான்தான் நின்று வேலை வாங்கினேன். வெளியே தெரியக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் இடத்தை மாற்றுவீர்கள், பெண் வீட்டார் காரணம் கேட்பார்கள், முதலாளி திட்டுவார். அந்தத் திட்டுக்குப் பயந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

என்னை நம்பி அங்கேயே இரும்புத் தகடு விரித்து நிறுத்தினீர்கள். சாயங்காலம் ஓட்டிப் பார்க்கும்போது கல் உடைந்து மெஷின் சாய்ந்தது. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பிச்சையம்மாளை இழுத்துவிடப் போய்த்தான் உங்கள் கை அடியில் மாட்டியது.

அதைவிடக் கேவலம் பிறகு நடந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள், தரையைச் சோதித்தாயா இல்லையா என்று உங்கள் கம்பெனிக்காரர் சத்தம் போட்டார். துண்டு சுற்றிய கையோடு என்னைப் பார்த்து, “நான் கேட்டேன்ல? நீங்க சொல்லுங்கக்கா” என்றீர்கள். முதலாளி பக்கத்தில் நின்றார். “எனக்கு ஞாபகம் இல்ல” என்று சொன்னேன்.

உங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகப் போன வாரம் கேள்விப்பட்டேன். அன்றைக்கு நடந்ததை நடந்தபடி முந்தாநாள் எழுதி, கையெழுத்துப் போட்டு, போலீஸ் ஸ்டேஷனிலும் உங்கள் கம்பெனியிலும் கொடுத்துவிட்டேன். அதன் நகல்தான் அந்தத் தாள். கம்பெனிக்காரர் படித்துவிட்டு, உங்களைத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். எங்கள் முதலாளி என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். இதற்காக என்மேல் இரக்கப்பட வேண்டாம். அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டியவள் நான்.

நேற்று உங்களுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தார்கள். நீங்கள் தூங்குவதாகச் சொன்னார்கள். “ஒங்கள மாதிரி யாராச்சும் விசாரிக்கிறதுதாம்மா ஆறுதலா இருக்கு” என்றார்கள். பெயரைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

பேசியது யாரென்று அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் தம்பி. அதற்குப் பிறகும் வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாம் என்றால், உங்கள் கைக்காக ஆவூர் மாதா கோயிலில் முழங்காலில் நிற்பதோடு இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா என்று எழுதக் கூசும்
அருள்ராணி