காந்தம் காட்டாத ஓரம்

12.6.2006, திருத்தங்கல்

தீப்பெட்டி கம்பெனியின் இரண்டாவது மெழுகுத் தொட்டியிலும் ஆவிக்குழாயைப் பற்றவைத்து முடித்தேன். தொட்டி எவர்சில்வர், குழாய் இரும்பு. இரண்டையும் சேர்ப்பதற்கென்றே வரும் எவர்சில்வர் வெல்டிங் ராடுதான் போட்டேன், மெஷின் கரண்டை நன்றாக ஏற்றி. முதலாளி பெத்தணன் வழக்கம்போல் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வெல்டிங் மேல் வைத்தார். ஒட்டவில்லை; இரும்பு கலந்திருந்தால் ஒட்டும் என்பது அவர் கணக்கு. “சுத்தமான சரக்குலே!” என்றார். எனக்கும் பெருமைதான்.

3.7.2006

முதல் தொட்டியின் குழாய் பிளந்துவிட்டது. கொதிக்கிற ஆவி, அங்கே குச்சி முக்கும் சோணைமுத்து காலில். முழங்கால் வரை தோல் — எழுத முடியவில்லை. நான் பத்தவச்சது. நான்தான் பத்தவச்சது!

4.7.2006

ஆஸ்பத்திரியில் சோணைமுத்து, “ஒன் கைல தப்பிருக்காது முனியராசு” என்கிறான். அதுதான் தாங்கவில்லை. உடைந்த குழாயைப் பார்த்தேன். வெல்டிங் நடுவில் கீறலே இல்லை. இரும்பை ஒட்டிய ஓரம் மட்டும் கோடு கிழித்ததுபோல் விட்டிருக்கிறது. ஏன் அங்கே?

6.7.2006

விருதுநகர் பாலிடெக்னிக்கில் சீனிவாசகம் சார் அந்தத் துண்டை அறுத்து, தேய்த்து, அமிலம் விட்டு லென்ஸில் காட்டினார். ஒரே உலோகம் என்று நான் நம்பிய வெல்டிங்கின் ஓரத்தில் இரும்பு சுழிசுழியாகக் கிடக்கிறது, கூழில் கரையாத மாவுபோல.

“கரண்டு கூடுனா இரும்பு நெறைய உருகி உள்ள வந்துரும். ஓரத்துல ராடு சரக்கு சரியாக் கலக்காது. அந்த விளிம்பு கண்ணாடி மாதிரி இறுகிச் சட்டுனு வெடிச்சுரும்.”

“காந்தம் வச்சுப் பாத்தோமே சார்?”

“ஓரத்துல வச்சா பக்கத்து இரும்புதான் இழுக்கும். அதுல என்ன தெரியும்?”

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. இரண்டாவது தொட்டி! அங்கே குச்சி அடுக்கிய மரச்சட்டங்களை மெழுகில் முக்குவது கருப்பம்மாள். என் மனைவி.

அன்றே மாலை

ஓடிப்போய் ஆவியை அடைத்தேன். பெத்தணன் கத்தினார்: “ஆர்டர் நிக்கிதுலே!” குழாய் ஆறியதும் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். ஒரே தட்டு. குழாய் கையோடு வந்துவிட்டது.

கருப்பம்மாள் மெதுவாகச் சொன்னாள்: “ரெண்டு நாளா உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சு. நீங்க பத்தவச்சதுதானேன்னு இருந்துட்டேன்.”

7.7.2006

இன்று ராடைத் தொடவில்லை.

15.7.2006

சார் சொன்னபடி நிக்கல் அதிகமுள்ள ராடு வாங்கி, கரண்டைக் குறைத்து, முதலில் இரும்பின்மேல் அந்த ராடாலேயே ஒரு பூச்சு. அதன்மேல்தான் இணைப்பு. பெத்தணன் காந்தத்தை எடுத்தார். “வேண்டாம் மொதலாளி” என்றேன். பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆவியைத் திறக்கும்முன் கருப்பம்மாளை வெளியே அனுப்பினேன். அவள் நிற்கும் இடத்தில் நின்று, வேலை முடியும்வரை சட்டம் முக்கினேன். குச்சிகளில் மெழுகு கோணல்மாணலாக ஏறியது. யாரும் சிரிக்கவில்லை.