மிஸ்ஸிங் உள்ள வண்டி

டேய் தம்பி,

கோபத்தில் கிழித்துப் போடாமல் முழுசாகப் படி. உன் அக்கா டிராக்டர் வாங்கிவிட்டாள். சின்ன வண்டிதான், பழசுதான். இந்த வயசில் இவளுக்கு எதற்கு என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

பார்த்து வாங்க மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். அவர் டயரைத் தட்டினார், ஆயிலைத் தொட்டுப் பார்த்தார், ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மிஸ்ஸிங் இருக்குங்க. நடுவுல விட்டு விட்டு ஓடுது. வேற பார்க்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயசில் இரண்டு நாற்காலியைப் போட்டு டிராக்டர் ஓட்டுவோமே, ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டுவது எப்போதும் நான். பின்னால் உட்கார்ந்து இன்ஜின் சத்தம் போடுவது நீ. டுர்ர்ரென்று இழுப்பாய், மூச்சு வாங்க நிறுத்துவாய், மறுபடி இழுப்பாய். "இன்னைக்காவது நான் ஓட்டறேன்க்கா" என்று கெஞ்சுவாய். ஒருநாளும் நான் தந்ததில்லை.

அதே சத்தம்டா. "இதுதான் வேணும்" என்றேன். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

உன் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவில் நான் போட்ட வேலியைப் பிடுங்கிவிட்டேன். கேட்பவர்களிடம், வண்டி திரும்ப இடம் பத்தவில்லை என்கிறேன்.

ஒருநாள் வாடா. நீ ஓட்டு. வண்டி மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் சத்தம் நான் போடுகிறேன்.

தட்டைத் தராத
உன் அக்கா