கை தவறிப் பட்ட சூடு

சேலத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் கற்றுத்தந்த எழுத்தில்தான் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடி வளர்ந்துவிட்டதா, கார்த்திகைக்கு வந்து அழைத்துப் போகட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வளர்ந்துவிட்டது. கருகியதையெல்லாம் அம்மா ஒட்ட வெட்டி எறிந்தாள். கற்றாழைச் சோறு வைத்து, விளக்கெண்ணெய் தடவி, செம்பருத்தி இலை அரைத்துத் தேய்த்து ஏழு மாதம் பார்த்தாள். இப்போது காதை மறைக்கிறது. சுருட்டையாகவே வந்திருக்கிறது.

"இந்தக் காட்டு மயிர வெச்சுக்கிட்டு ஆபீஸ்காரங்க முன்னாடி எப்படி நிப்பே?" என்பீர்களே, அதே மயிர்.

பிடரியில் மட்டும் நான்கு இடத்தில் முளைக்கவில்லை. நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். எண்ணெய் தடவிய விரல் அங்கே நின்றுவிட்டது.

"ஏங்கண்ணு, கை தவறிப் பட்டுருச்சுன்னியே, நாலு தடவையுமா தவறுச்சு?"



என் சுருட்டை முடியை நேராக்க நீங்கள் கரியில் காய்ச்சும் இரும்பு இடுக்கியைத் தேடியிருப்பீர்கள். கிளம்பும்போது மடியில் மறைத்து எடுத்து வந்துவிட்டேன். கொல்லரிடம் கொடுத்து அரிவாளாக அடிக்கச் சொன்னேன். துருத்தியை நானே ஊதினேன். இரும்பு சிவந்தபோது, இந்தத் தடவை என் உடம்பு நடுங்கவில்லை.

கேழ்வரகு அறுக்க நன்றாக இருக்கிறது. தினமும் தீட்டுகிறேன்.

கார்த்திகைக்குத் தாராளமாக வாருங்கள். காரவள்ளியிலிருந்து மலையேறினால், ஊருக்குள் நுழையும் முன் முதல் கேழ்வரகுக் கொல்லை எங்களுடையது. அங்கேதான் அறுத்துக்கொண்டிருப்பேன்.

எனக்குக் கை தவறாது.

இப்படிக்கு,
உங்கள் காட்டு மயிர்க்காரி