உங்கள் இடத்தில் ஒரு மணல் மூட்டை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் உங்கள் தங்கையும் சுகம். படகும் சுகம். ஆமாம், படகுதான். கை பரபரக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் படகு.

ஐந்து மாதத்துக்கு முன், "ஷெட்டில் கிடக்கிற அந்தப் படகை விறகுக்காவது கொடுத்துவிடு" என்று எழுதினீர்களே, எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏரிக்கரையில் அதைப் பார்த்துவிட்டு, வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றது யார்? அன்றைக்கே ஷெட்டைத் திறந்து, உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். சுரண்டச் சுரண்ட, பச்சைக்குக் கீழே வெள்ளை, வெள்ளைக்குக் கீழே சிவப்பு. அடியில் இரண்டு பலகைகள் இற்றுப்போயிருந்தன. தச்சர் வந்து மாற்றிக் கொடுத்தார். மூன்று பூச்சு வார்னிஷ் நானே அடித்தேன். தலைமுடியிலும் கொஞ்சம் அடித்துக்கொண்டேன்.

பாய்மரத்துக்குப் பாய் தைப்பதுதானே, தையல் எனக்குக் கைவந்த வேலையாயிற்றே என்று மிதப்பில் இருந்தேன். அளவுக்காகப் பழைய பாயைப் பிரித்தால், துண்டுகளின் ஓரமெல்லாம் வளைவு வளைவாக வெட்டியிருந்தது. எவனோ வேலை தெரியாத ஆள் என்று நினைத்து, புதுத் துணியில் எல்லாவற்றையும் நேராக வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டேன். ஏரிக்குக் கொண்டுபோய்க் கட்டினால் ஜன்னல் திரை மாதிரி விறைப்பாக நிற்கிறது. படகு சோம்பேறித்தனமாக நகர்ந்தது. தண்ணீர் என்றாலே பயப்படும் உங்கள் தங்கை கரையில் நின்றபடி, "அண்ணி, காத்து உங்கள கண்டுக்கவே மாட்டேங்குதே!" என்று கத்தினாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ரவிக்கைத் துணியை மடித்து டாட் பிடிப்பது எதற்கு? உடம்புக்கு வளைவு இருப்பதால்தானே! காற்று வந்து உட்காரப் பாய்க்கு வயிறு வேண்டாமா? இருபது வருடத் தையல்காரிக்கு இது தோன்றவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு துணி வாங்கி, பழைய பாய்த் துண்டுகளின் வளைவுகளை அப்படியே வைத்து மறுபடி தைத்தேன். அந்த வேலை தெரியாத ஆளிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

படகு இரண்டு பேருக்கானது. ஒருவர் சுக்கான் பிடிக்க, இன்னொருவர் காற்றடிக்கிற பக்கமாக உட்கார்ந்து எடை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். உங்கள் தங்கை கணக்கு டீச்சர் அல்லவா, உங்கள் எடையை என்னிடம் கேட்டுக்கொண்டு, அதே எடைக்கு மணல் நிரப்பி மூட்டையாகக் கட்டி, உங்கள் பழைய நீலச் சட்டையையும் மாட்டிவிட்டாள். நல்ல மூட்டை, குறுக்கே பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாய் புடைத்தது பாருங்கள்! படகு ஓடியது! தண்ணீர் இரண்டு பக்கமும் சளசளவென்று விலகியது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏரி நடுவில் காற்று திடீரென்று மறுபக்கத்திலிருந்து அடித்தது. மூட்டை உட்கார்ந்திருந்த பக்கமே தண்ணீரை நோக்கிச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. நான் என்னை மறந்து, "என்னங்க, சீக்கிரம் இந்தப் பக்கம் வாங்க!" என்று மூட்டையைப் பார்த்துக் கத்தினேன்.

பாய்க்கயிற்றை விட்டுவிட்டேன், படகு நிமிர்ந்துகொண்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். கரைக்கு வந்ததும் உங்கள் தங்கை கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவளோ, நனைந்துபோன உங்கள் சட்டையைக் கழற்றி, பிழிந்து, கொடியில் காயப்போட்டாள்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் எடைக்கு மணல் கிடைக்கிறது. ஆனால் காற்று திரும்பும்போது அது இடம் மாறி உட்கார மாட்டேன் என்கிறது. சட்டை காய்ந்துவிட்டது. இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் இந்தப் பக்கம் வாங்க.

இப்படிக்கு,
சுக்கானைப் பிடித்தபடி,
உங்கள் மனைவி