கடிதத்தில் ஒரு வார்த்தை

மார்ச் 12, செவ்வாய்

கனடா வேலைக்கு விண்ணப்பிக்க, நான் பாய்லர் மெக்கானிக் என்று முதலாளி கடிதம் தர வேண்டும். மூன்றாவது தடவையும் ‘பொதுத் தொழிலாளி’ என்றே அடித்து நீட்டினார்.

“ஒன்பது வருஷமா பாய்லர்தானே பாஸ் பாக்குறேன்?”

“எல்லாம் ஒண்ணுதான் லா.”

அப்போது பிடோக் பக்கம் இருக்கும் ஹோட்டல் ஒன்றிலிருந்து போன். சுடுதண்ணீர் வரவில்லையாம். “கவலைப்படாதீங்க, எங்க பாய்லர் ஸ்பெஷலிஸ்ட்ட அனுப்புறேன்” என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு வந்ததே கோபம்! டூல்ஸ் பையைத் தரையில் வைத்துவிட்டேன்.

“பொதுத் தொழிலாளிக்கு பாய்லர் தெரியாது பாஸ். ஸ்பெஷலிஸ்ட்டையே அனுப்புங்க.”

முறைத்தார். பிறகு உட்கார்ந்து மாற்றி அடித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

லாரியில் ஏறியதும் பிரித்துப் படித்தேன். மெக்கானிக் என்று சரியாகத்தான் இருக்கிறது. என் பெயர்தான் முருகேசனுக்குப் பதில் முருகானந்தம் என்று இருக்கிறது. நாளைக்கு மறுபடியும் போய் அந்த மூஞ்சி முன்னால் நிற்கணும்.