வீமன் ஓடி வரும் இடம்

அண்ணா,

குறுணலும் கருவாட்டுத் தலையும் சேர்ந்து வேகும் மணம் குசினி முழுக்க நிற்கிறது. வீமனுடைய சோறு. நீங்கள் இருந்தவரை நீங்கள்தான் காய்ச்சினீர்கள். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் காய்ச்சுகிறேன். மடியில் புத்தகம் இருப்பதால் அடிக்கடி அடிப்பிடிக்கிறது. அவன் குறை சொல்வதில்லை.

வட்டக்கச்சியில் அறுவடைக்குப் போன இடத்திலிருந்து அவனைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தீர்கள். நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் குட்டிக்கு வீமன் என்று பெயர் வைத்தபோது அம்மா சிரிக்கவில்லை.

"நாய் வளக்கிறது விளையாட்டில்லை. அது எங்களிட்டை ஒவ்வொண்டா வாங்கிக்கொண்டே இருக்கும்."

வாங்கத்தான் செய்தான். முதலில் உங்கள் புதுச் செருப்பு. பிறகு பக்கத்து வீட்டு அடைக்கோழியைப் பிடித்தான். அதற்கு ஈடாக எங்கள் சிவப்புப் பேட்டுக்கோழியைக் கொடுத்தோம். பளையில் கடை வேலை கிடைத்துப் போன நீங்கள், அவன் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு அந்தக் கிழமையே திரும்பிவிட்டீர்கள்.

"நாய்க்காக வேலையை விட்டிட்டு வந்தவன் எண்டு ஊரே சிரிக்குது," என்றார் அம்மா.

"அவனும் எனக்காகச் சோத்தை விட்டவன்தானே, அம்மா."

அதன்பிறகுதான் அப்பாவுக்குப் பதிலாக வயல் காவலுக்குப் போகத் தொடங்கினீர்கள். பக்கத்து வயல் ஐயா அப்போதே சொன்னார்: "தம்பி, நாயைக் கட்டிப்போட்டிட்டு வா. அது ஆனையைச் சீண்டி, உன்ரை காலடிக்குத்தான் கூட்டிக்கொண்டு வரும்."

"இவனோ? ஆனையைக் கண்டால் பரந்தன் சந்தி வரைக்கும் நிக்காமல் ஓடுவான், ஐயா."

நானும் சிரித்தேன்.

அன்று காலை அவனைக் கட்டிவிட்டுத்தான் புறப்பட்டீர்கள். அவன் அழுதான். வாசல் படலையடியில் நின்று அதைக் கேட்டீர்கள். திரும்பி வந்து அவிழ்த்தீர்கள். "பாவமடி, அழுகிறான்." நீங்கள் என்னோடு கதைத்த கடைசிச் சொற்கள் அவைதான்.

மிச்சத்தை அந்த ஐயா சொல்லித்தான் அறிந்தோம். காட்டோரம் நின்ற யானையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு வீமன் போயிருக்கிறான். அது துரத்தியதும் பயந்து திரும்பியிருக்கிறான். பரந்தனுக்கு ஓடவில்லை, அண்ணா. பயம் வந்தால் அவனுக்கு ஓட ஓர் இடம்தான் இருந்தது. நீங்கள் வயல் வரம்பில் நின்றீர்கள்.

செத்த வீட்டில் மாமா அவனை அடிக்கத் தடி எடுத்தார். அம்மாதான் தடுத்தார். "விடு தம்பி. அதுக்கு அவனை விட்டால் வேறை ஆரைத் தெரியும்?"

வீமன் ஒன்றும் தின்னாமல் நீங்கள் உடுத்த சாரத்தின் மேலேயே கிடந்தான். ஒருநாள் என் கையிலிருந்து ஒரு பிடி சோறு தின்றான். நான் சந்தோஷமாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா பார்த்தார். பிறகு குசினிக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இப்போது அவன் என் நாய். நான் போகும் இடமெல்லாம் வருகிறான். கட்டிவிட்டுப் போனால் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு பின்னால் வருகிறான். அதனால் சங்கிலி வாங்கி, கையில் பிடித்தபடியே கூட்டிப்போகிறேன்.

இன்று விடிய, காவலில் இருந்த அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். காட்டுப் பக்கம் கிளை முறியும் சத்தம் கேட்டது. சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். வீமன் காதை நிமிர்த்திக் காட்டைப் பார்த்து உறுமினான். பிறகு திரும்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்து வைத்துக்கொண்டான்.