கேக்குக்கு ஞானத்தாய்

ஏப்ரல் 19, 2010, திங்கள்

மாவு பிசையும் எந்திரம் மறுபடி முனகுகிறது. தோரிபியோ அதன் வயிற்றில் ஒரு தட்டு தட்டினான், ஓட ஆரம்பித்துவிட்டது. நான் தட்டினால் நின்றுவிடும். பேக்கரி என் பேரில் இருக்கிறது, எந்திரம் அவன் பேச்சைக் கேட்கிறது.

ஜூலை கடைசியில் யதீராவுக்குப் பதினைந்து முடிகிறது. மெக்சிகோ வழிக் குடும்பம் நாங்கள், பதினைந்தில் மகளுக்கு விழா எடுத்தாக வேண்டும். செலவை ஒவ்வொன்றாகச் சொந்தக்காரர்கள் தலையில் கட்டி, அதற்கு ஞானத்தாய், ஞானத்தந்தை என்று பட்டமும் கொடுக்கும் எங்கள் வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் பரம ஏழையாகவும் படு கெட்டிக்காரராகவும் இருந்திருக்க வேண்டும். பாட்டுக்கு மச்சான். செருப்புக்கு என் மனைவி அம்பாரோவின் அத்தை. கேக்குக்கு வேறு யார்? லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் என் அக்கா ஒர்தென்சியாதான். போனில் சொன்னதும் அழுதுவிட்டாள்.

"உன் கடையிலதான்டா செய்யணும். மூணு அடுக்கு. தோரிபியோவை மேல கிரீம் ரோஜா போடச் சொல்லு. காசு நான் தர்றேன், நீ தள்ளுபடி கிள்ளுபடின்னு ஆரம்பிக்காதே."

நான் ஏன் ஆரம்பிக்கப் போகிறேன்!

ஏப்ரல் 24, சனி

எங்கள் அரிசோனா கவர்னர் நேற்று புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி போலீஸ் நம் வண்டியை நிறுத்தி, சந்தேகம் வந்தால், குடியுரிமைக் காகிதம் கேட்கலாம். எதைப் பார்த்துச் சந்தேகம் வரும்? கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். மாவுதான் தெரிந்தது.

தோரிபியோவிடம் அந்தக் காகிதம் கிடையாது. ரோஜா போட்டுக்கொண்டே இருந்தான், யாரும் ரோஜா கேட்காத கேக்குகளுக்கும்.

மே 13, வியாழன்

லாஸ் ஏஞ்சலஸ் நகர சபை அரிசோனாவைப் புறக்கணிப்பதாகத் தீர்மானம் போட்டுவிட்டது. அக்கா அதற்கு முன்பே போட்டுவிட்டாளாம். முப்பது வருடம் தையல் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவள், பென்ஷன் வாங்கியும் கோஷத்தை விடவில்லை.

"அந்தச் சட்டம் போற வரைக்கும் ஒரு டாலர் அரிசோனாவுக்குள்ள செலவழிக்க மாட்டேன்."

"நல்லதுக்கா. கேக்கு?"

"அதுவும்தான்."

"அக்கா, அது என் கடை."

"உன் கடை எங்கடா இருக்கு?"

"டூசான்ல."

"டூசான் எங்க இருக்கு?"

போனை வைத்துவிட்டேன். கூடப்பிறந்தவளே எனக்குப் பூகோளம் எடுக்கிறாள்.

மே 14, வெள்ளி

அவளோடு பேச்சு கிடையாது.

மே 20, வியாழன்

பேசித் தொலைத்தேன். கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய கள்ளிப்பழ மிட்டாயைத் தபாலில் திருப்பி அனுப்பியிருந்தாள். பாதி டப்பா காலி. மீதிப் பாதிதான் புறக்கணிப்பு போலிருக்கிறது.

சாலட்டையும் விட்டுவிட்டாளாம், லெட்டூஸ் இலை எங்கள் அரிசோனாவின் யூமாவிலிருந்து வருகிறது என்று. "மே மாசத்துல அது உங்க கலிபோர்னியாவுலயேதான்கா விளையுது" என்றேன். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"உன் வீட்டுல எரியற விளக்குக்கே கரண்டு எங்க ஊர்லேர்ந்துதான் வருது. அதை அணைச்சுட்டு அப்புறம் வந்து பேசு" என்றேன்.

அணைத்துவிட்டாள். சாயங்காலம் அவள் மகன் கூப்பிட்டு, "மாமா, அம்மா மெழுகுவத்தியோட உக்காந்திருக்காங்க, என்ன சொன்னீங்க?" என்று கேட்டான்.

ஜூன் 5, சனி

இப்படியும் ஒரு நாளா!

எதிர்த் தெரு ஹக்கபி. நெப்ராஸ்காவில் குளிர் தாங்காமல் ஓய்வுக்கு இங்கே வந்தவர். வந்த இடத்தில், பாலைவனத்தில், புல்தரை வளர்க்கிறார். தினமும் காலையில் என்னிடம் கோன்சா வாங்குவார், மேலே சர்க்கரை கோடு போட்ட அந்த இளஞ்சிவப்பு ரொட்டி. புதுச் சட்டத்துக்கு ஆதரவாக வாசகம் எழுதின தொப்பி கூடப் போட்டிருக்கிறார். தொப்பியோடேதான் வாங்குவார். இன்று நாலு கார் ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார்.

"வெளி மாநிலத்துக்காரன் நம்மளைப் புறக்கணிக்கிறான். நாங்க அரிசோனாவுக்கு ஆதரவா வாங்க வந்திருக்கோம், எவரிஸ்தோ!"

தட்டு தட்டாக வாங்கினார்கள். ஒரு அம்மாள் கோன்சாவைத் தூக்கிப் பிடித்து, "அசல் அரிசோனா ரொட்டி!" என்றாள். ஒருவர் ரொம்ப மரியாதையாக, "உங்க குடும்பம் எப்ப இங்க வந்துச்சு?" என்று கேட்டார்.

"என் கொள்ளுத்தாத்தா பொறந்தது ரெண்டு தெரு தள்ளி. நீங்க?"

"நாங்க... 2003."

"அதனால என்ன, வந்துட்டீங்கல்ல. நல்லா இருங்க."

பத்து மணிக்கு அலமாரி காலி. உள்ளே தோரிபியோ அடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர்கள் போகிறவரை வெளியே வரவில்லை. அவர்கள் தின்றது எல்லாம் அவன் கையால் பிசைந்த மாவு. சொந்த அக்கா எட்டிப் பார்க்க மாட்டேன் என்கிறாள், இவர்கள் வாங்கித் தள்ளுகிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள். எனக்கு ஒரு பக்கம் அடி, ஒரு பக்கம் முத்தம். எது அதிகம் வலிக்கிறது என்று தெரியவில்லை.

ஜூன் 14, திங்கள்

உச்சம் இன்றுதான். அக்கா ஞானத்தாய்ப் பட்டத்தை விடமாட்டாளாம். லாஸ் ஏஞ்சலஸிலேயே கேக்கு செய்து, எட்டு மணி நேரம் வண்டியில் வைத்துக் கொண்டு வருவாளாம். ஜூலை வெயிலில்!

ரொட்டிக்காரன் மகள் விழாவுக்கு இன்னொருத்தன் கடைக் கேக்கு. ஊரே வாயால் சிரிக்காது.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறேக்கா. நீ பண்றது கவர்னருக்கு வலிக்காது. எனக்கு வலிக்குது!"

"வலிக்கணும்டா. வலிச்சாத்தான் கடைக்காரங்க எல்லாம் போய்ச் சத்தம் போடுவீங்க. நான் மட்டும் சந்தோஷமாவா பண்றேன்?"

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். "அந்தக் கேக்கோட வந்தா வாசலோட போயிடு" என்றும் சொல்லித் தொலைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அம்பாரோ கேட்டுக்கொண்டே நின்றாள். "அத்தை இல்லாம எம் பொண்ணுக்கு விழாவா? கேக்கு எங்க வெந்தா என்னங்க, வயித்துக்குள்ளதானே போகுது" என்றாள். ரொட்டிக்காரன் பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது?

ஜூலை 4, ஞாயிறு

தோரிபியோ போய்விட்டான். பக்கத்து மாநிலத்தில், அல்புகர்க்கியில், மைத்துனன் இருக்கிறானாம். பெண்டாட்டி, பிள்ளைகள், மெத்தை எல்லாம் ஒரே வண்டியில். போகும்போது எந்திரத்தைத் தட்டிவிட்டுப் போனான். "பக்கவாட்டுல தட்டுங்க. மேல தட்டாதீங்க." பதினோரு வருடம் நான் மேலேயே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுதந்திர தினம், ஊரெல்லாம் வாணவேடிக்கை. எனக்கு ஒன்றும் எழுத ஓடவில்லை.

ஜூலை 7, புதன்

நான் போட்ட ரோஜா முட்டைக்கோசு மாதிரி இருக்கிறது. யதீராவே சொன்னாள். 'ரோஜா போடத் தெரிந்த ஆள் தேவை' என்று கண்ணாடியில் தாள் ஒட்டினேன்.

ஹக்கபி அதைப் படித்துவிட்டு, "தோரிபியோ எங்க?" என்றார்.

"போயிட்டான். உங்க சட்டத்துக்குப் பயந்து."

"தோரிபியோ நல்லவனாச்சே. சட்டம் அவனைச் சொல்லலையே."

"அவனைத்தான் சொல்லுது."

கோன்சாவை வாங்கிக்கொண்டார். கடிக்கவில்லை. வழக்கமாக வாசல் தாண்டுவதற்குள் பாதி போயிருக்கும்.

ஜூலை 28, புதன்

நாளை அமலாக வேண்டிய சட்டத்தில் முக்கியமான பகுதிகளை நீதிபதி நிறுத்தி வைத்துவிட்டார்! அக்காவைக் கூப்பிட்டேன்.

"நிறுத்தித்தானே வெச்சிருக்காங்க, எடுத்துடலையே. நானும் என் புறக்கணிப்பை எடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை கேக்கோட வர்றேன். வாசலோட அனுப்பறதுன்னா அனுப்பு."

தோரிபியோவையும் கூப்பிட்டேன். "நிறுத்தி வெச்சதுன்னா எத்தனை நாளைக்குங்க?" என்றான். எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 30, வெள்ளி

சிரித்து முடித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

மத்தியானம் போன். அக்கா. பிகாச்சோ மலைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டது. கலிபோர்னியா எல்லையிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு சொட்டு வாங்காமல் வந்துவிடலாம் என்று கணக்கு. கேக்குக்காக ஏ.சி.யை முழுசாக வைத்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. வழியில் எத்தனை பெட்ரோல் பங்க்! ஒவ்வொன்றையும் முறைத்துக்கொண்டே கடந்திருக்கிறாள்.

எங்கள் வேனை அம்பாரோ மண்டபத்துக்கு எடுத்துப் போயிருந்தாள். கடையில் இருந்தவர் ஹக்கபி ஒருவர்தான். "என்கிட்ட டிரக் இருக்கு, புல்லு வெட்டற மெஷினுக்கு வாங்கின பெட்ரோல் கேனும் இருக்கு, ஏறுங்க" என்றார்.

போய்ப் பார்த்தால், சாலையோரம் கொதிக்கிற வெயிலில் அக்கா குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குடை அவளுக்கு இல்லை, கேக்குக்கு. பின்கதவு திறந்து கிடக்கிறது, மூன்று அடுக்கும் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, கிரீம் ஓடி, சீட்டெல்லாம் ரோஜா. அவள் முகம் செங்கல் நிறம். விழுந்து செத்திருந்தால்?

ஹக்கபி கேனைத் தூக்கினார். அக்கா தொப்பியைப் படித்தாள்.

"இந்தப் பெட்ரோல் எங்க வாங்குனது?"

"அக்கா, ஆரம்பிக்காதே..."

"எப்ப வாங்குனது?"

ஹக்கபி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். "மார்ச் மாசம்மா. சட்டத்துக்கு முன்னாடி."

அக்கா யோசித்தாள். "அப்ப சரி. ஊத்துங்க."

பொய். போன செவ்வாய் அந்தக் கேனை அவர் நிரப்பும்போது பக்கத்து பம்பில் நான் நின்றுகொண்டிருந்தேன். அங்கே அவரும் என்னைப் பார்த்தார். திரும்பும்போது டிரக்கில் இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வீட்டு வாசலில் அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை. வாசலோட போ என்றேனே! நான் கதவைத் திறந்தேன். "போலீஸ்காரன் நிறுத்தினா என்ன சொல்றதுன்னு மூணு மாசம் ஒத்திகை பாத்தேன்டா. ஒருத்தன் கூடக் கேக்கலை" என்றாள். பிறகு அழுதாள். "எம் மருமகளுக்கு ஒரு கேக்கு கூடக் கொண்டு வரத் துப்பில்லையே." நானும் அழுதேன். எவன் கேக்கு என்று கேட்கிற ஆசையெல்லாம் போய்விட்டது.

"உள்ள வாக்கா. நான் செஞ்சு தர்றேன்."

"நீ செஞ்சா நான் எப்படி ஞானத்தாய்?" மூக்கைத் துடைத்தாள். வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள். மூன்று நாளைக்கு இங்கே ஒன்றும் வாங்கக் கூடாது என்று மாவு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய், தண்ணீர் என்று அடுக்கி வைத்திருந்தாள். பனிக்கட்டிப் பெட்டியில் வெண்ணெய் கல் மாதிரி இருந்தது. கேக்கை விடப் பத்திரமாக வந்திருந்தது.

"எல்லாம் கலிபோர்னியா. நானே செய்யறேன். ஏப்ரன் மட்டும் கொடு."

"ஏப்ரன் அரிசோனாக்கா."

"அப்பா வாங்கினதுதானே அது? சட்டத்துக்கு முன்னாடி!"

கடைக்குப் போனோம். எந்திரம் முனகியது. பக்கவாட்டில் தட்டினேன். ஓடியது.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

நேற்று விழா. யதீரா கேக்கை வெட்டியபோது அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றதைப் பார்த்தால், கவர்னரே வந்து மன்னிப்புக் கேட்ட மாதிரி இருந்தது. ஹக்கபியை அம்பாரோ கூப்பிட்டிருந்தாள். தொப்பி இல்லாமல் வந்தார். தொப்பி கழற்றினால் வழுக்கை என்று நேற்றுதான் தெரியும். அக்கா தேடித் தேடி ரோஜா இல்லாத துண்டாக அவருக்கு வெட்டிக் கொடுத்தாள்.

அவர் பக்கத்துத் தட்டைப் பார்த்தார். "ரோஜா அழகா இருக்கு. ஆனா தோரிபியோ போடற மாதிரி இல்ல."

சுற்றி இருந்தவர்கள் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லதான்" என்றாள் அக்கா. தன் தட்டில் இருந்த ரோஜாவை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

ஆகஸ்ட் 2, திங்கள்

அக்கா கிளம்பிவிட்டாள். ஹக்கபி அவள் டேங்க்கை நிரப்பிவிட்டார். இதுவும் மார்ச் மாதத்துப் பெட்ரோல்தானாம். அந்த மனிதரிடம் சட்டத்துக்கு முந்தைய பெட்ரோல் வற்றுவதே இல்லை. அக்காவும் இந்தத் தடவை தேதி கேட்கவில்லை.

போகும்போது இரண்டு பெட்டி கோன்சாவைத் தூக்கி வண்டியில் வைத்தாள். கல்லாப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அக்கா, காசு?"

"காசு கொடுத்தா அது வியாபாரம். நான் புறக்கணிக்கிறேன்ல? இது பொறந்த வீட்டுச் சீர். அடுத்த மாசமும் வருவேன். தோரிபியோ திரும்பி வர்ற வரைக்கும் ரோஜா நான் போடறேன். சம்பளம்னு ஒரு டாலர் நீட்டினே, கையை ஒடிச்சுடுவேன்."

கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டேன். தோரிபியோவின் ஏப்ரனை அக்கா துவைத்து அவன் ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நானும் எடுக்கவில்லை.